மேற்கு மலைச் சோலைகளில் இளவேனில் பறவை நோக்கல்: சிறு குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழகத்தின் மலைக்காடுகளுக்குப் பறவை நோக்கச் செல்பவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் பருவம் அது என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் உயர்மலைப் பள்ளங்களில் அடர்ந்து வளரும் பசுமைமாறாச் சோலைக்காடுகளை அவற்றின் முழு ஒலியோடு அறிய விரும்புகிறவர்கள் பங்குனியை ஒட்டிய வாரங்களில் செல்வதே நல்லது. பின்பனி விலகி இளவேனில் தொடங்கும் அந்த நாட்களில், வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகளில் பல இன்னும் கிளம்பியிருக்காது. மலையையே வீடாகக் கொண்ட பறவைகளோ இணைசேரவும் பாடவும் கூடமைக்கவும் தொடங்கியிருக்கும். ஒரே காலை நடையில் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் நீலகிரி ஈப்பிடிப்பானையும் காணும் வாய்ப்பு இந்தக் குறுகிய இடைவெளியில்தான் கிடைக்கிறது.

ஆனால் பறவைகளைக் காண எளிதான இந்தப் பருவமே அவற்றுக்கு நம்மால் மிக எளிதில் தீங்கு நேரும் பருவமும் ஆகும். கீழே விவரிக்கப்படும் பயணம் நீலகிரி, ஆனைமலை ஆகிய இரண்டு இடங்களில் தங்கி, ஒரு வழிகாட்டியுடன் ஆறு பேர் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடியது. அதன் வேகமும் குழுவின் அளவும் நடக்கும் முறையும் பறவைகள் கூடமைக்கும் காலம் இது என்பதை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டுள்ளன.

முதல் படி: நாட்களைக் குறித்தல்

மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை ஏற்ற காலம். அதற்கு முன்னால் சென்றால் பாட்டுக் குறைவாக இருக்கும். பின்னால் சென்றால் கோடை விடுமுறைக் கூட்டமும் வாகன நெரிசலும் மலைச்சாலைகளை நிறைத்துவிடும். கோடை மழை தொடங்கிவிட்டால் அட்டைகளும் வெளிவரும்.

இந்த வாரங்கள் காட்டுத்தீக் காலமும் கூட என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்த பிறகு, தமிழகத்தில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது இப்போது வழக்கம். ஆகவே காட்டின் உட்பகுதியில் நெடுநடை என்ற எண்ணத்தைக் கைவிட்டு, சாலையோரம், தேயிலைத் தோட்டங்களின் விளிம்பு, வனத்துறை அனுமதிக்கும் குறும்பாதைகள் ஆகியவற்றைச் சுற்றியே பயணத்தை அமைக்க வேண்டும். இது பெரிய இழப்பும் அல்ல. காடும் வெளியும் சந்திக்கும் விளிம்பில்தான் பறவைகள் கண்ணுக்கு எளிதில் படுகின்றன. அடர்ந்த சோலையின் நடுவே பாட்டு கேட்கும், பாடுவது தெரியாது.

மூணாறு வரை நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தை முன்னிட்டு வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் பெற வேண்டியுள்ளது. வாகனத்தை உறுதிசெய்த அன்றே அதற்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: வழித்தடத்தை வகுத்தல்

ஒரு வாரத்தில் ஐந்தாறு இடங்களைச் சுற்றிக்காட்டும் பயணத் திட்டங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு காலைப்பொழுது பறிபோகிறது. பறவை நோக்குபவருக்குக் காலையை இழப்பது அந்த நாளையே இழப்பதாகும். இரண்டு தங்குமிடங்கள் போதும். அவை பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் இக்கணவாய். உயரமான சோலைகளிலேயே வாழ்ந்து பழகிய பறவைகள் இந்தத் தாழ்ந்த, வெப்பமான நிலத்தைக் கடப்பதில்லை. அதனால் வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளிலும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரு வேறு இனங்கள் வாழ்கின்றன. நீலகிரியின் சிரிப்பானுக்கு அடிப்பகுதி செம்பழுப்பு. தெற்கே பழனிச் சிரிப்பானுக்கு மார்பு சாம்பல். சோலைக்கிளி என்று அழைக்கப்படும் நீலநிறச் சிறு பறவையும் இப்படித்தான்: வடக்கில் உள்ளதற்கு விலாவில் செம்பழுப்பு படர்ந்திருக்கும், தெற்கில் உள்ளதற்கு வயிறு வெண்மை. இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினமொன்றைச் சேர்ந்தவை என்று 2017-இல்தான் வகைப்படுத்தப்பட்டது. கணவாயின் இருபுறமும் தங்குவதால் பட்டியல் நீள்வது உண்மையே. ஆனால் ஒரு நிலப்பிளவு எப்படி இரண்டு பறவைகளை உண்டாக்குகிறது என்பதை அடுத்தடுத்த நாட்களில் கண்ணால் காண்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

முதல் மூன்று இரவுகளைக் கோத்தகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். உதகையை விட நெரிசல் குறைவு. லாங்வுட் சோலையும் அருகிலேயே உள்ளது. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். நான்காம் நாள் சமவெளிக்கு இறங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏற வேண்டும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகள் என்பதால் வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன்பக்க இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மூன்று இரவுகள் வால்பாறையில். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள இந்தப் பீடபூமியில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிதறிய மழைக்காட்டுத் துண்டுகளும் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் உள்ளதால், நீலகிரியின் உச்சியில் கிடைக்காத பேரலகு இருவாச்சியும் செவ்வயிற்றுத் தீக்காக்கையும் இங்கே கிடைக்கும். பழனிச் சிரிப்பானும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் இன்னும் உயரத்தில் வாழ்பவை. அவற்றைத் தவறவிட மனமில்லாதவர்கள் கொடைக்கானலில் இரண்டு நாட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: குழுவைச் சேர்த்தல்

ஆறு பேர் என்பதை உச்சவரம்பாகக் கொள்ளுங்கள். சோலைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். வழிகாட்டி தணிந்த குரலில் சொல்வது ஆறாவது ஆளுக்குக் கேட்பதே கடினம்; எட்டுப் பேரானால் கடைசியில் வருபவர் பறவை பறந்த பிறகான வெற்றுக் கிளையை மட்டுமே பார்த்துக்கொண்டு வருவார். முதலிடத்தில் நடப்பவர் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கடைசிக்குப் போய்விட வேண்டும் என்ற ஒரே விதி பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

படமெடுப்பதற்காக மட்டும் வருபவரையும் பறவையின் நடத்தையைப் பார்க்க வருபவரையும் ஒரே குழுவில் சேர்ப்பது பெரும்பாலும் இருவருக்கும் துன்பம். முன்னவருக்கு ஒரே பறவை நல்ல வெளிச்சத்தில், அருகில் வேண்டும். பின்னவருக்கு அந்தப் பறவை தன் போக்கில் இருக்க வேண்டும். கிளம்புமுன் இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நான்காம் படி: வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இடம் மாறும்போது வழிகாட்டியும் மாறுவதே நல்லது. நீலகிரியில் எந்த ஓடையருகே எந்த வாரத்தில் என்ன பாடும் என்று அறிந்தவருக்கு வால்பாறையின் யானைத் தடங்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் அறிவு புத்தகத்தால் ஈடுசெய்ய முடியாதது. ஆனைமலைப் பகுதியின் காடர் மக்களுக்கு இருவாச்சி கூடமைக்கும் மரங்கள் தலைமுறைகளாகத் தெரியும். கேரளத்தின் வாழச்சால் வனப்பகுதியில் அவர்கள் வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் கண்காணித்தும் காத்தும் வருகிறார்கள்.

முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பறவையை வரவழைக்க ஒலிப்பதிவை இசைப்பீர்களா? கூட்டருகே அழைத்துச் செல்வீர்களா? காலையில் எத்தனை கிலோமீட்டர் நடப்போம்? முதல் இரண்டு கேள்விகளுக்குத் தயக்கமின்றி “இல்லை” என்றும் மூன்றாவதற்கு “இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம்” என்றும் சொல்பவர் உங்களுக்கு உரியவர். இத்தனை இனங்களைக் கட்டாயம் காட்டிவிடுவேன் என்று எண்ணிக்கையை வாக்களிப்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது; அந்த எண்ணிக்கையை எட்டுவதற்காகவே அவர் முதல் இரண்டு விதிகளையும் மீற நேரிடும்.

ஐந்தாம் படி: கருவிகளும் உடையும்

பைனாகுலர் எனப்படும் இருநோக்கிதான் முதன்மைக் கருவி. அதில் 8x42 அளவே சோலைக்குப் பொருத்தம். எட்டு மடங்கு பெரிதாக்கலும் 42 மில்லிமீட்டர் வில்லையும் சேர்ந்து கண்ணுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒளிவட்டத்தைத் தருகின்றன. விடியலிலும் மர நிழலிலும் அந்த ஒளி தேவைப்படும். பத்து மடங்குக் கருவி கைநடுக்கத்தையும் பெரிதாக்கும், பார்வைப் பரப்பையும் குறைக்கும். இலைகளுக்கிடையே தாவும் கதிர்க்குருவியை அதில் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். புதிதாக வாங்கியவர்கள் வலக்கண் பக்கமுள்ள திருகை வீட்டிலேயே தங்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். மலையில் நின்று “மங்கலாகத் தெரிகிறது” என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்குக் குறை அந்தத் திருகில்தான்.

உடை மங்கிய பச்சை, பழுப்பு நிறங்களில் இருக்கட்டும். நடக்கும்போது உரசி ஒலி எழுப்பும் மழைச்சட்டையைத் தவிர்க்கவும். அதிகாலைக் குளிருக்கு ஒரு மேலாடை போதும். வறண்ட மாதங்களில் அட்டைகளை விட உண்ணிகளே கவலைக்குரியவை, ஏனெனில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயைப் பரப்புபவை அவை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடக்க வேண்டும். புல்தரையில் உட்கார வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் உடலைச் சோதித்துக் குளிக்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் உலோகக் குடுவை எடுத்துச் செல்லுங்கள்.

ஆறாம் படி: காலை நடை

மார்ச் இறுதியில் இம்மலைகளில் சூரியன் காலை 6.20 மணி வாக்கில் எழுகிறது. அப்போதே நடைக்கான இடத்தில் நின்றிருக்க வேண்டும்; ஆனால் நடக்கத் தொடங்கக் கூடாது. முதல் கால்மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கேளுங்கள். ஓடைப்பக்கமிருந்து சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை மெட்டு அறியாத சிறுவன் போகிற போக்கில் ஊதுவதைப் போல் ஏறி இறங்கும். சின்னக் குக்குறுவான் தொடங்கினால் பகல் முழுவதும் நிறுத்தாது. சாம்பல் காட்டுக்கோழி தொலைவில் கூவும். நீலகிரியிலானால் சிரிப்பான்களின் கூட்டுக்குரல் புதர் முழுவதையும் நிறைக்கும். வழிகாட்டி ஒவ்வொரு குரலுக்கும் பெயர் சொல்ல, நீங்கள் திசையையும் உயரத்தையும் மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயர்களையும் முதல் நாளே நினைவில் வைக்க முயல்பவர்கள் இரண்டாம் நாள் சோர்ந்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு ஐந்து குரல்கள் போதும்.

பிறகு மெல்ல நடக்கலாம். இருபது அடி நடந்து, நின்று, கேட்டு, மீண்டும் நடப்பதே முறை. நீலகிரியில் பாதையோரத் தாழ்புதர்களையும் பெரணிகளையும் கவனித்துக்கொண்டு வந்தால் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரைக்கு அருகிலேயே காணக் கிடைக்கும். அதற்கு மனிதரிடம் அச்சம் குறைவு. நாம் அசையாமல் நின்றால் சில அடி தொலைவிலேயே தன் வேலையைத் தொடரும். நீலகிரி காட்டுப்புறா மரவுச்சியில் பழம் தின்னும். கீழே உதிரும் பழங்களின் ஓசையே அதைக் காட்டிக்கொடுக்கும். தோட்டங்களிலும் பூங்காக்களிலும் காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேட வேண்டும், ஏனெனில் அது வடக்கே கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. ஈரமான நடைபாதைகளில் கொடிக்கால் வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடப்பதையும் பார்க்கலாம். பொதுவாக வாலாட்டிகளில் இந்த வழக்கம் இதற்கு மட்டுமே உண்டு.

வால்பாறையில் நடையின் இயல்பே வேறு. நெடுநேரம் ஒன்றும் இருக்காது; திடீரென்று கலப்புக் கூட்டமொன்று வந்து ஐந்து நிமிடத்தில் மரங்களை நிறைத்துவிட்டுப் போகும். மின்சிட்டுகள் மேலே, பசையெடுப்பான்கள் தண்டுகளில், சின்னான்கள் நடுவில் என்று ஒவ்வொன்றும் தன் தன் அடுக்கில் இரை தேடிக்கொண்டே நகரும். இந்தக் கூட்டங்களில் துடுப்புவால் கரிச்சானைக் கண்டால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள்: மற்றவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடிக்க அது உடன் வருகிறது. மற்ற பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களையும் அப்படியே எழுப்பும் என்பதால், காதை மட்டும் நம்புபவர் ஏமாறுவார். அதன் பின்னாலேயே தீக்காக்கை வருவதுண்டு. ஆண் தீக்காக்கையின் செந்நிற வயிற்றை எதிர்பார்த்துத் தேடினால் காண மாட்டீர்கள். சந்தேகம் கொண்டதும் அது நம் பக்கம் முதுகைத் திருப்பி அசையாமல் அமர்ந்துவிடும். நடுவுயரக் கிளைகளில் பழுப்பு நிற அசைவின்மையைத் தேடுவதே வழி.

வெயில் ஏறி ஒன்பதரை மணிக்குப் பிறகு நடையை முடித்துப் பூத்த மரமொன்றைத் தேடிச் செல்லுங்கள். இலையுதிர்ந்து செம்பூக்களோடு நிற்கும் இலவமும் முள்முருங்கையும் இந்த மாதங்களில் தேனுக்கு வரும் கரிச்சான்கள், மைனாக்கள், தேன்சிட்டுகள் ஆகியவற்றின் சந்தைகளாகிவிடுகின்றன. மறைக்க இலை இல்லாததால் பழகாத கண்ணுக்கும் எல்லாம் தெரியும். புதியவர்கள் நம்பிக்கை பெறும் இடமும் அதுதான். நண்பகலில் ஓய்வெடுத்து, மாலை நான்கு மணிக்கு மேல் சிறு நடை போதுமானது.

ஏழாம் படி: கூடு கண்டால் செய்ய வேண்டியது

இந்தப் பயணத்தின் மற்ற படிகளில் தவறினால் ஒரு பறவையைக் காணாமல் போவோம்; இதில் தவறினால் ஒரு பறவைக் குடும்பம் அழியக்கூடும்.

மலை இருவாச்சியையே எடுத்துக்கொள்வோம். பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, எச்சத்தாலும் உணவுக் கழிவுகளாலும் வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் காலத்தில் தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடுவதால், மாதக்கணக்கில் அத்திப்பழமும் பிற இரையும் கொண்டுவரும் ஆண் பறவையையே அது முழுவதும் சார்ந்திருக்கிறது. ஆண் மிகுந்த எச்சரிக்கை உடையது. மரத்தடியில் ஆள் நின்றால் பழத்தோடு தொலைவில் காத்திருக்கும், நெடுநேரமானால் திரும்பிவிடும். நாம் ஒரு படத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் உள்ளே இருப்பவற்றுக்குத் தவறிப்போன ஒரு வேளை உணவு. ஆகவே கூட்டுமரம் எதுவென்று தெரிந்தாலும் அங்கே போக வேண்டாம். காய்த்து நிற்கும் அத்தி மரத்தின் எதிரே, தொலைவில் காத்திருந்தால் இருவாச்சிகள் தாமாகவே வரும். இறக்கை வீசும் ஓசை வருகையை முன்னதாகவே அறிவித்துவிடும்.

சிறு பறவைகளுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் பெரணிப் புதரில், பெரும்பாலும் நம் முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் கூடு கட்டுகிறது. நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு இரண்டடி விலகுபவர் அதை மிதித்ததைக்கூட அறியாமல் திரும்பலாம். சோலைக்கிளி மண்சரிவுகளின் பொந்துகளிலும் முட்டையிடும். ஒரு பறவை அலகில் இரையை வைத்துக்கொண்டே உங்களைப் பார்த்துக் குரலெழுப்பினால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த வழியே பின்வாங்குங்கள். கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கக் கூடாது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும் காட்டுக் காக்கைகளும் வால்காக்கைகளும் நாம் எங்கே நின்று உற்றுப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்கும் அளவுக்கு அறிவுடையவை.

ஒலிப்பதிவை இசைத்துப் பறவையை வெளியே இழுக்கும் வழக்கத்தை இப்பருவத்தில் முற்றிலும் விட்டுவிட வேண்டும். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, இரைதேடலையும் காவலையும் கைவிட்டு அது ஓடி வருகிறது. நமக்குப் பின்னால் வரும் குழுவும் அதையே செய்தால், அந்த ஆண் பறவையின் காலைப்பொழுது முழுவதும் இல்லாத எதிரியைத் தேடுவதிலேயே கழியும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதையும் குழுவினர் அறிந்திருப்பது நல்லது.

எட்டாம் படி: பெரிய விலங்குகள் வாழும் நிலத்தில் நடத்தல்

கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் பகலிலேயே எதிர்ப்படுவதுண்டு. வால்பாறையில் யானைகள் காட்டுத் துண்டுகளுக்கிடையே தேயிலை வழியாகவே நடக்கின்றன. அவற்றின் நடமாட்டத்தை மக்களுக்குத் தெரிவிக்கக் குறுஞ்செய்திகளும் உயரமான இடங்களில் எரியும் சிவப்பு விளக்குகளும் அங்கே பயன்பாட்டில் உள்ளன. விடியுமுன் நடந்து செல்லக் கூடாது, வாகனத்திலேயே இடத்தை அடைய வேண்டும். வழிகாட்டி “திரும்புவோம்” என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். விளக்கத்தை வாகனத்தில் ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வந்தாலும் உணவு தரக் கூடாது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் உள்ளே நடக்க நிர்வாகத்தின் அனுமதியை வழிகாட்டி மூலம் முன்பே பெற்றிருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பதிவு செய்தல்

ஒவ்வொரு இரவும் உணவுக்கு முன் குழுவாக அமர்ந்து அன்றைய பட்டியலைச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். கண்டதையும் கேட்டதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். உறுதியில்லாததை உறுதியில்லாததாகவே விட்டுவிட வேண்டும். பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இ-பேர்ட் இணையத் தளத்தில் ஏற்றுபவர்கள் நாள் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடாமல், இடத்துக்கும் கால்மணி அல்லது அரைமணி நேரத்துக்கும் ஒன்றாகப் பிரித்து, இனப்பெயருடன் எண்ணிக்கையையும் சேர்த்தால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். கைப்பேசிச் செயலி ஒரு குரலுக்குச் சொன்ன பெயரை மட்டும் நம்பிப் பதிவேற்ற வேண்டாம். துடுப்புவால் கரிச்சான் வாழும் காட்டில் அது இரட்டிப்பு ஆபத்து.

இருவாச்சிக் கூடு, தவளைவாயன் என்னும் இரவுப் பறவை பகலில் உறங்கும் கிளை ஆகியவற்றின் இடத்தைப் பொதுவெளியில் குறிப்பிடக் கூடாது. தவளைவாயன் சருகு நிறத்தில் இணையோடு ஒரே கிளையில் நாட்கணக்கில் தங்கும் பழக்கமுடையது. இடம் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் அந்தக் கிளையின் கீழ் வரிசை நிற்கும். படங்களிலுள்ள இடக்குறிப்பை நீக்கிய பிறகே பகிருங்கள். கூடு பற்றிய செய்தியை வழிகாட்டிக்கும் வனத்துறைக்கும் மட்டும் தெரிவித்தால் போதும்.

வழிகாட்டியின் ஊதியத்தைப் பேரம் பேசாமல் கடைசி நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், பட்டியலின் ஒரு படியையும் அவருக்குத் தாருங்கள். அடுத்த குழுவுக்கு எந்தப் பாதையைத் திறப்பது, எதை அடைகாப்பு முடியும்வரை தவிர்ப்பது என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.